பாசியின் மேனிச் சூடு: பாறைக் கரைகளில் வெப்பம் அளந்த வரலாறு

நாளுக்கு இருமுறை கடல் ஏறியும் வற்றியும் செல்லும் பாறைக் கரைகளில், நீர் எட்டும் மிக உயர்ந்த மட்டத்துக்கும் அது இறங்கும் மிகத் தாழ்ந்த மட்டத்துக்கும் இடையே கிடக்கும் பரப்பை உயிரியலாளர்கள் ஓத இடைப்பகுதி என்பர். அங்கு வேரின்றி, பற்றுறுப்பு எனப்படும் சிறு தட்டால் பாறையைக் கவ்விக்கொண்டு வளரும் கடற்பாசிகள், நாளின் ஒரு பகுதியை நீருக்குள்ளும் மறுபகுதியை வெயிலிலும் காற்றிலும் கழிக்கின்றன. பிரிட்டனின் பாறைக் கரைகளில் இவை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டைகளாக அமைந்திருப்பது வெறுங்கண்ணுக்கே புலப்படும். உச்சியில் குழிந்த மடல்களையுடைய பெல்வீசியா, அதன்கீழ் முறுக்கிய மடல்களைக் கொண்ட ஃபியூகஸ் ஸ்பைராலிஸ், நடுவில் காற்றுப்பைகள் புடைத்த ஃபியூகஸ் வெசிகுலோசஸும் நீண்டு தழையும் அஸ்கோஃபில்லமும், அவற்றுக்குக் கீழே பல்விளிம்புள்ள ஃபியூகஸ் செர்ராட்டஸ், கடல் அரிதாகவே விட்டு விலகும் அடிமட்டத்தில் லாமினேரியா என்பது அந்த வரிசை. ஒவ்வொரு பாசியும் தன் பட்டையின் மேலெல்லையைத் தாண்டி ஏறாதிருப்பது ஏன் என்னும் வினாவுக்கு வெயிலும் வறட்சியும் காரணம் என்று தொடக்கத்திலிருந்தே ஊகிக்கப்பட்டது. ஆயினும், அந்த வெயிலில் பாசியின் உடல் எவ்வளவு சூடேறுகிறது என்பதைப் பாசியிடமே கேட்டறியும் முறை கைகூட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. அதுவரை அளக்கப்பட்டவை கடல்நீரின் வெப்பமும் காற்றின் வெப்பமுமே ஆகும்.

நீரை அளக்கும் வழக்கம் மிக எளியது. அலைமேடையின் ஓரத்திலிருந்து வாளியைக் கயிற்றில் இறக்கி, நீர் மொண்டு, பாதரச வெப்பமானியை அதில் அமிழ்த்திப் படித்து, ஏட்டில் குறித்துக்கொள்வர். ஐல் ஆஃப் மான் தீவிலுள்ள போர்ட் எரினில் 1904 முதலும், கலிபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் அலைமேடையில் 1916 முதலும், அதே மாநிலத்தில் பசிபிக் குரோவ் ஊரின் ஹாப்கின்ஸ் கடலாய்வு நிலையத்தில் 1919 முதலும் இவ்வாறு நாள்தோறும் குறித்துவந்த வரிசைகள் உள்ளன. தலைமுறை தலைமுறையாக ஆட்கள் மாறியும் வேலை நிற்காமல் நடந்த அந்த ஒழுங்கை அறிவியல் வரலாற்றின் பெரும் சேமிப்புகளில் ஒன்றாகவே மதிக்க வேண்டும். ஹாப்கின்ஸ் நிலையத்துக்கு முன்னுள்ள பாறைப் பரப்பில் 1931 முதல் 1933 வரை ஹெவாட் என்பவர் ஒரு நேர்கோட்டில் உயிரினங்களைக் கணக்கெடுத்திருந்தார். அவர் பாறையில் அறைந்து வைத்த பித்தளை அடையாளங்களைத் தேடிக் கண்டுபிடித்து, 1990-களின் தொடக்கத்தில் பாரி, பேக்ஸ்டர், சகரின், கில்மன் ஆகியோர் அதே கோட்டில் மீண்டும் எண்ணிப் பார்த்தபோது, தெற்கத்திய இனங்கள் பெருகியும் வடக்கத்திய இனங்கள் குறைந்தும் இருந்தன. இம்மாற்றத்தை வாளி ஏடுகளுடன் ஒப்பிட்டதால்தான், அறுபது ஆண்டுகளில் அக்கரையோர நீரின் ஆண்டுச் சராசரி வெப்பம் சுமார் 0.75 டிகிரி உயர்ந்திருந்ததை அவர்களால் 1995-இல் எடுத்துக்காட்ட முடிந்தது.

எனினும் வாளி நீர் சொல்வது கடல் ஏறியிருக்கும் நேரத்தின் செய்தியை மட்டுமே. கடல் வற்றிய பின் பாறைமேல் படுத்துக் கிடக்கும் பாசிக்கு அந்த எண் பொருந்தாது. வானிலை நிலையத்தின் காற்று வெப்பமும் அதற்குப் பொருந்துவதில்லை. ஏனெனில் அந்த வெப்பமானி நிழலில், வெள்ளை வண்ணப் பெட்டிக்குள், தரையிலிருந்து மனித மார்பளவு உயரத்தில் தொங்குகிறது, பாசியோ கரும்பாறையை ஒட்டி நேர்வெயிலில் கிடக்கிறது. வெயிலை உறிஞ்சும் கருநிறம், அடிப்பாறையிலிருந்து ஏறும் சூடு, காற்று வீசும் வேகம், உடலிலிருந்து ஆவியாகும் நீர் ஆகிய நான்கும் சேர்ந்து பாசியின் வெப்பத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் செலவாவதால், ஈரமுள்ள வரையில் பாசி தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. ஈரம் தீர்ந்தபின் அந்தக் காப்பு அகன்று, பாறையின் சூட்டை அதுவும் எட்டுகிறது. ஆகவே அருகருகே கிடக்கும் ஈரப் பாசிக்கும் உலர்ந்த பாசிக்கும் வெப்பத்தில் பெரிய வேறுபாடு இருக்க, காற்றின் வெப்பம் இரண்டுக்கும் ஒன்றாகவே ஏட்டில் பதிவாகும்.

இந்த இரட்டைச் சிக்கலில், அதாவது சூடும் உலர்வும் பின்னிக் கிடக்கும் நிலையில், முதலில் கவனம் பெற்றது உலர்வே. சாரா பேக்கர் என்னும் தாவரவியலாளர் 1909-லும் 1910-லும் வெளியிட்ட இரு கட்டுரைகளில், பழுப்புப் பாசிகளை வெவ்வேறு கால அளவுகளுக்கு நீருக்கு வெளியே விட்டு வளர்த்து, மேல்மட்டத்துப் பாசிகள் நீண்ட உலர்வைத் தாங்குவதையும் கீழ்மட்டத்துப் பாசிகள் மடிவதையும் காட்டினார். ஸ்காட்லாந்தின் கிளைடு வளைகுடாவில் உள்ள கம்பிரே தீவு இந்த ஆய்வு மரபில் தனி இடம் பெறுகிறது. 1885-இல் ‘ஆர்க்’ என்னும் மிதக்கும் ஆய்வுக்கூடம் அத்தீவின் மில்போர்ட் ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, 1897-இல் அங்கு நிலையான கடலாய்வு நிலையம் திறக்கப்பட்டது. ஜோசப் கானெல் கொட்டலசுகளை, அதாவது பாறையில் சுண்ணாம்புக் கூடு கட்டி ஒட்டி வாழும் சிற்றுயிர்களை, வைத்து நடத்திய, 1961-இல் வெளிவந்த புகழ்பெற்ற போட்டிச் சோதனை அங்குதான் நடந்தது. அதே தீவில் ஷோன்பெக்கும் நார்ட்டனும் செய்த ஆய்வு 1978-இல் வெளிவந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகுந்திருக்கும் ஓதம் பேரோதம் எனவும், அவற்றுக்கு இடைப்பட்ட அரைநிலா நாள்களில் கடல் குறைவாக ஏறிக் குறைவாக வற்றுவது சிற்றோதம் எனவும் கொண்டால், சிற்றோத நாள்களில் மேல்மட்டத்துப் பாசிகளைக் கடல் பல நாள் தொடாமலே போய்விடும். அந்த நாள்கள் வெயிலும் வறட்சியுமான காலத்துடன் கூடிவந்தால், அடுத்த சில வாரங்களில் ஒவ்வொரு பட்டையின் மேல்விளிம்பும் கருகி அழிவதை அவ்விருவரும் கண்டனர். பட்டைகளின் மேலெல்லையை வெயில் வெட்டித் திருத்துகிறது என்பதற்கு இது நேரடிச் சான்றாயிற்று. அந்த வெட்டில் உலர்வின் பங்கு எவ்வளவு, சூட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காண்பதற்குப் பாசியின் உடல் வெப்பம் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அதை அளக்கப் பாதரச வெப்பமானி உதவவில்லை. அதன் குமிழ் பல பாசி மடல்களைவிடப் பருமனானது. மடலின்மேல் வைத்தால் அது வெயிலைத் தானே வாங்கிச் சூடேறும், மடலுக்கு அடியில் செருகினால் பாறையின் வெப்பத்தைக் காட்டும். அடுத்து வந்தது வெப்ப மின்னிரட்டை. இருவேறு உலோகக் கம்பிகளின் முனைகளை ஒன்றாகப் பற்றவைத்து அந்த இணைப்பைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கிறது என்று சீபெக் 1821-இல் கண்டறிந்த விளைவே இதன் அடிப்படை. முடியளவு மெல்லிய கம்பிகளால் செய்த மின்னிரட்டையை நத்தையின் சதைக்குள்ளோ மட்டியின் ஓட்டுக்குள்ளோ செருகிப் படிக்கலாம் என்பதால், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஓத இடைப்பகுதிப் பிராணிகளின் உடல் வெப்பம் பற்றிய அறிவு பெரிதும் வளர்ந்தது. பாசியின் நிலை வேறு. பல பாசிகளின் மடல் ஒரு மில்லிமீட்டர் கனமும் இல்லை. அதைக் குத்திச் செருகினால் காயத்திலிருந்து ஈரம் கசியும், மேலே ஒட்டினால் ஒட்டுப்பசையே ஆவியாதலைத் தடுக்கும், காற்றில் மடல் அசைந்தால் முனை விலகிவிடும். பொறுமையும் கைத்திறனும் உள்ளவர்கள் இதையும் செய்து முடித்தார்கள். ஹாப்கின்ஸ் நிலையத்தில் எலிசபெத் பெல், மாஸ்டோகார்பஸ் என்னும் செம்பாசியின் உடல் வெப்பத்தையும் உலர்வையும் சேர்த்து ஆராய்ந்து 1995-இல் வெளியிட்ட கட்டுரை, பாசியின் வடிவமும் சுற்றுச்சூழலும் அதன் வெப்பத்தை எவ்வாறு நிர்ணயிக்கின்றன என்பதை இயற்பியல் கணக்காகவே காட்டியது. ஆயினும் ஒரே வற்றத்தில் நூறு இடங்களைப் பார்த்துவர அந்த முறை இடம் தரவில்லை.

தொடாமலே அளக்கும் வழி கடலிலிருந்து வெகு தொலைவில், வானியலாளர் ஒருவரின் கையில் தொடங்கியது. யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷல், சூரியனைத் தொலைநோக்கியில் பார்க்க வெவ்வேறு நிறக் கண்ணாடிகளைப் பயன்படுத்தியபோது, சில கண்ணாடிகள் ஒளியைப் பெரிதும் தடுத்தும் வெப்பத்தை விட்டுவிடுவதை உணர்ந்தார். நிறத்துக்கு நிறம் வெப்பம் வேறுபடுமோ என்று அறிய, முப்பட்டகக் கண்ணாடியால் சூரிய ஒளியை வானவில் நிறங்களாகப் பிரித்து, ஒரு வெப்பமானியின் கறுப்பு பூசிய குமிழை ஒவ்வொரு நிறத்திலும் வைத்து, ஒப்பிடுவதற்காக வேறு வெப்பமானிகளை நிறப்பட்டைக்கு வெளியே வைத்துப் படித்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிச் செல்லச் செல்லச் சூடு ஏறியது. சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு எந்த ஒளியும் தெரியாத இடத்தில் வைத்தபோது இன்னும் மிகுந்தது. 1800-இல் அவர் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பே இன்று அகச்சிவப்புக் கதிர் என்று அறியப்படுவது. ஒப்பீட்டுக்கென்று வெளியே தனி வெப்பமானிகளை வைத்த அவருடைய எச்சரிக்கை, பிற்காலத்தில் கடற்கரையில் வெப்பம் அளந்தவர்களுக்கும் பாடமாகத் தக்கது.

நோபிலியும் மெலோனியும் 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல மின்னிரட்டைகளை ஒன்றோடொன்று கோத்து வெப்ப மின்னடுக்கு என்னும் கருவியை அமைத்தனர். சில மீட்டர் தொலைவில் நிற்கும் மனிதரின் உடல்சூட்டைக்கூட அது உணர்ந்தது. சாதாரணக் கண்ணாடி வெப்பக் கதிர்களைத் தடுப்பதையும் பாறை உப்பின் படிகம் அவற்றுக்கு வழிவிடுவதையும் மெலோனி கண்டதால், வெப்பக் கதிர்களைக் குவிக்கும் வில்லைகளும் சாத்தியமாயின. ஒரு பொருள் வெளியிடும் கதிர்வீச்சு அதன் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது என்று 1879-இல் ஸ்டெஃபான் வகுத்த விதிக்கு 1884-இல் போல்ட்ஸ்மன் கொள்கை விளக்கம் தந்தார். கதிர்வீச்சை அளந்தால் வெப்பநிலையைக் கணக்கிடலாம் என்னும் உறுதி அதனால் பிறந்தது. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் கடைவாசல்களில் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட கருவியினுள்ளும், பாறைக்கரையில் ஆய்வாளர் கையிலுள்ள கருவியினுள்ளும் இருப்பது, அந்த வெப்ப மின்னடுக்கைச் சிலிக்கன் சில்லின்மேல் மிகச் சிறிதாக்கிய வடிவமே ஆகும்.

இக்கருவி செடிகளை முதலில் அளந்தது வயல்களில். 1966-இல் ஃபுக்ஸும் டேனரும் பயிர்களின் மேற்பரப்பை அகச்சிவப்பு முறையில் அளப்பதில் உள்ள பிழைகளையும் திருத்தங்களையும் ஆராய்ந்து வெளியிட்டனர். அதையடுத்து அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் இயங்கிய அமெரிக்க நீர்ப் பாதுகாப்பு ஆய்வகத்தில் ஜாக்சன், இட்சோ, ரெஜினாட்டோ ஆகியோர் கோதுமை வயலில் கையடக்கக் கருவியால் நண்பகலுக்குப் பின் பயிரின் வெப்பத்தை அளந்து, அது காற்றின் வெப்பத்தைவிட எவ்வளவு கூடியுள்ளது என்பதைக் கொண்டே பயிருக்கு நீர் பாய்ச்ச வேண்டிய நாளைக் குறித்தனர். 1981-இல் அவர்கள் வகுத்த பயிர் நீர்த்தட்டுப்பாட்டுக் குறியெண் பாசன ஆய்வில் இன்றும் பயன்படுகிறது. தாகமெடுத்த கோதுமை தன் இலைத்துளைகளை மூடிக்கொள்வதால் ஆவியாதல் குறைந்து இலை சூடேறுகிறது. அந்தச் சூடே தாகத்தின் அறிகுறி. கடற்பாசிக்கு இலைத்துளைகள் இல்லை, ஆவியாதலைத் தானாக நிறுத்தவும் அதனால் இயலாது. உள்ள நீர் முழுவதையும் இழக்கும்வரை குளிர்ந்துகொண்டே இருந்து, பின் ஒரேயடியாகச் சூடாகிறது. பாறையின் உச்சியில் வளரும் போர்ஃபைரா போன்ற மெல்லிய செம்பாசிகள் தம் உடல்நீரில் பத்தில் ஒன்பது பங்கு வரை இழந்தும், கடல் திரும்பியதும் உயிர்ப்புடன் விரியும் ஆற்றல் பெற்றவை. ஆகவே வயலில் கற்ற பாடத்தை அப்படியே கரைக்குக் கொண்டுவர முடியவில்லை. உலர்ந்து சூடேறிய பாசி சாகும் தறுவாயில் உள்ளதா, அதன் இயல்பான உறக்கத்தில் உள்ளதா என்று வெப்பம் மட்டும் சொல்லிவிடாது.

கரையில் இக்கருவியைக் கையாளும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும், ஏனெனில் அளவின் நம்பகம் முழுவதும் அதில்தான் அடங்கியுள்ளது. சாதாரண வெப்பநிலையில் உள்ள பொருள்கள் மிகுதியாக வெளியிடும் கதிர்களின் அலைநீளம் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு. காற்று மண்டலம் பெரிதும் தடுக்காத 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான கதிர்களையே கருவி வாங்குகிறது. அந்த அலைநீளத்தில் நீர் ஒளிபுகாப் பொருள். கண்ணுக்குத் தெளிந்த கண்ணாடியாகத் தோன்றும் நீர்ப்படலம், அது மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு கனமே இருந்தாலும், கருவிக்குச் சுவராகிவிடுகிறது. பாறைக்குழியில் விரல் ஆழத்தில் மிதக்கும் பாசியை நோக்கிக் கருவியை நீட்டினால் கிடைப்பது நீரின் மேற்தோலின் வெப்பமே. அப்போதுதான் கடல் விலகிய பாசியின்மேலும் நீர்ப்படலம் இருக்கிறது. ஆனால் அங்கு படலமும் மடலும் ஒட்டிக் கிடப்பதால் இரண்டின் வெப்பமும் பெரிதும் நெருங்கியிருக்கும்.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது உமிழ்திறன். ஒரே வெப்பத்தில் இருந்தாலும் எல்லாப் பொருள்களும் ஒரே அளவு கதிர் வெளியிடுவதில்லை. முழுமையான கரும்பொருளை 1 என வைத்து ஒப்பிட்டு ஒவ்வொரு பொருளுக்கும் தரப்படும் விகிதமே உமிழ்திறன். மலிவான கருவிகளில் இது 0.95 என நிலையாக அமைக்கப்பட்டிருக்கும். நீருக்கும் ஈரப் பாசிக்கும் அது இன்னும் 1-ஐ நெருங்கியிருக்கும். இந்தச் சிறு வேறுபாடே 2 டிகிரி வரை பிழை தரக்கூடும். உமிழ்திறன் 1-இலிருந்து குறைகின்ற பங்கை ஈடுகட்டுவது பாசியின்மேல் பட்டுத் திரும்பும் வானத்தின் கதிர்; தெளிந்த வானம் அகச்சிவப்பில் மிகக் குளிர்ந்தது என்பதால், பளபளக்கும் ஈர மடலைச் சாய்வாகப் பார்த்தால் உண்மையைவிடக் குறைந்த எண் தோன்றும். எனவே மடலுக்குச் செங்குத்தாக நின்று படிக்க வேண்டும். அப்படி நிற்பவரின் நிழல் மடல்மேல் விழுந்தால், கனமற்ற அந்த மடல் சில வினாடிகளிலேயே குளிரத் தொடங்கிவிடும். பார்வை வட்டமும் கவனத்துக்குரியது. தொலைவுக்கும் வட்டத்துக்கும் 12-க்கு 1 என்ற விகிதமுள்ள கருவி, 60 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து 5 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைத் தருகிறது. சிவப்பு லேசர் புள்ளி குறிபார்க்க மட்டும் உதவுமே தவிர அதனால் எதுவும் அளக்கப்படுவதில்லை. விரலகல மடலை இடுப்புயரத்திலிருந்து அளப்பவர், மடலோடு சுற்றியுள்ள பாறையையும் சேர்த்தே அளந்துவிடுகிறார். கருவியையே வெயிலில் கிடத்திவைத்தால் அதன் உட்புறம் சூடேறிக் காட்டும் எண் பிசகும்.

இவ்வளவு எச்சரிக்கையும் கைவந்தபின் கரை காட்டிய காட்சி, பழைய ஏடுகளில் இல்லாதது. அஸ்கோஃபில்லம் தழைத்த பாறையில் கோடை நண்பகல் வற்றத்தின்போது மேலே கிடக்கும் மடல்கள் கறுத்து, அப்பளமாக நொறுங்கும் அளவுக்குக் காய்ந்து சூடாக இருக்கையில், அவற்றைக் கையால் விலக்கி அடியடுக்கை அளந்தால், அங்கு மடல்கள் வழுவழுப்பும் ஈரமும் குறையாமல் குளிர்ந்திருக்கும். அந்தக் குளிர்ச்சியில் நத்தைகளும் கொட்டலசுக் குஞ்சுகளும் இளம்பாசிகளும் பிழைக்கின்றன. மெயின் மாநிலக் கரையில் பெர்ட்னெஸ்ஸும் அவருடைய குழுவினரும் பாசிப் போர்வையை அகற்றிய பாறைகளையும் அகற்றாத பாறைகளையும் ஒப்பிட்டு 1999-இல் வெளியிட்ட ஆய்வு, போர்வையின்கீழ் பாறையின் உச்சவெப்பம் 5 முதல் 10 டிகிரி வரை குறைந்திருப்பதைக் காட்டியது. அஸ்கோஃபில்லம் அங்கு உரத்துக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் வெட்டப்படும் சரக்கு. அடியிலிருந்து 16 அங்குலம் விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்பது மெயின் மாநில விதி. பாசி மீண்டும் தழைப்பதற்கு அந்த அளவு உதவும். ஆனால் வெட்டிய ஆண்டின் கோடையில் அடியில் வாழும் உயிர்களுக்கு எவ்வளவு நிழல் மிஞ்சும் என்பதும் அதே அளவுக்கு முக்கியமான வினா. இந்தத் தொழிலின் விதிகளை வகுப்பவர்கள் நீளத்தோடு வெப்பத்தையும் எண்ணிப் பார்ப்பது நியாயம்.

பாறையின் முகம் திரும்பியிருக்கும் திசையும் அதே அளவு பேசியது. ஹாப்கின்ஸ் நிலையத்தில் ஹெல்முத்தும் ஹாஃப்மனும் மட்டியின் உடலைப் போலவே சூடேறிக் குளிரும் பதிவுக்கருவிகளைப் பாறையில் பொருத்தி, சில மீட்டர் இடைவெளியிலேயே வடக்கு நோக்கிய முகத்துக்கும் தெற்கு நோக்கிய முகத்துக்கும் வெப்பம் வெகுவாக வேறுபடுவதை 2001-இல் காட்டினர். அகச்சிவப்புக் கருவியும் இந்தப் போலியுடல் பதிவுக்கருவியும் ஒன்றை ஒன்று நிறைவு செய்பவை. முன்னது ஒரே வற்றத்தில் நூற்றுக்கணக்கான இடங்களைக் காட்டும், ஆனால் ஆய்வாளர் நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தை மட்டுமே அறியும். பின்னது ஓர் இடத்தையே அறியும், ஆனால் இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் விழித்திருக்கும். 2000-க்குப் பின் வெப்பப் படக்கருவிகளின் விலை குறைந்து, ஒரே படத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகளின் வெப்பத்தைப் பதியும் வசதி கிடைத்தது. அதுவரையிலான கடல்சார் பயன்பாடுகளை லாத்லீனும் சூரோனும் 2014-இல் தொகுத்து ஆராய்ந்தனர்.

எல்லாவற்றையும் விடப் பெரிய திருப்பம் கடிகாரத்தைப் பற்றியது. பேரோதம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே வருவதாலும், அந்நாள்களில் சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலான நிலை ஒரே மாதிரி இருப்பதாலும், ஓர் ஊரில் பேரோதத்தின் பெருவற்றம் எப்போதும் ஏறத்தாழ ஒரே மணிக்கு நிகழ்கிறது. இங்கிலாந்தின் பிளிமத்தில் அது நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வருகிறது. கிளைடு வளைகுடாவில் காலையும் மாலையுமாக வருகிறது. ஆகவே ஒரே இனப் பாசி, ஒரே வெயிலில், ஓர் ஊரில் வெந்தும் மற்றோர் ஊரில் தப்பியும் கிடக்கலாம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஹெல்முத்தும் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பெரிய அளவில் நிறுவியது. தெற்குக் கலிபோர்னியாவில் கோடைக்காலப் பெருவற்றங்கள் இரவிலும் விடியலிலும் நிகழ, வடக்கே வாஷிங்டன் மாநிலத்தின் சில கரைகளில் அவை நடுப்பகலில் நிகழ்வதால், குளிர்ந்த வடக்கிலுள்ள சில இடங்களில் உயிரினங்கள் தெற்கிலுள்ளவற்றைவிட மிகுந்த சூட்டுக்கு உள்ளாகின்றன. வடக்கே போகப் போகக் குளிர் என்ற எளிய கணக்கை வைத்து, புவி சூடேறும்போது உயிரினங்கள் எங்கே தஞ்சமடையும் என்று முன்கூறுவது பிழையாகும் என்பது இதனால் தெளிவாயிற்று.

வற்றத்தின் நேரமும் சூட்டைத் தீர்மானிக்கும் என்னும் அந்த முன்னறிவு 2021 ஜூன் இறுதியில் கொடிய முறையில் மெய்யானது. வட அமெரிக்காவின் வடமேற்கில் பல நாள் நகராமல் நின்ற வெப்பக் காற்றின்கீழ், கனடாவின் லிட்டன் ஊரில் ஜூன் 29 அன்று 49.6 டிகிரி பதிவாயிற்று. அதே நாள்களில் பேரோதத்தின் பெருவற்றம் நண்பகலை ஒட்டி அமைந்தது. வான்கூவர் அருகே ஆய்வாளர் கிறிஸ்டோபர் ஹார்லி வெப்பப் படக்கருவியுடன் பாறைக்கரைக்குச் சென்று பார்த்தபோது, மட்டிகள் மூடிய பரப்பு 50 டிகிரியைத் தாண்டியிருந்தது. காற்றின் வெப்பம் அங்கு அதைவிட வெகுவாகக் குறைவு. வானிலை நிலைய எண்ணை மட்டும் கொண்டிருந்தால் அழிவின் காரணம் முழுமையாக விளங்கியிராது. அப்பகுதிக் கரைகளில் நூறு கோடிக்கும் மேற்பட்ட உயிர்கள் மடிந்திருக்கலாம் என்று அவர் மதிப்பிட்டார். அப்பகுதியின் சேலிஷ் கடல் பற்றி அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வு, திறந்த கடலை நோக்கிய கரைகளில் வற்றம் காலையிலேயே முடிந்ததால் இழப்பு குறைந்ததையும், நிலத்துக்குள் நீண்டு செல்லும் கடற்கால்களில் வற்றம் தாமதித்து உச்சிவெயிலில் சிக்கியதால் இழப்பு மிகுந்ததையும் இடவாரியாகக் காட்டியது.

தமிழகத்தின் மன்னார் வளைகுடாவில் அகச்சிவப்பு அளவுமுறைக்கு உள்ள இடம் வேறுவகையானது. அங்கு ஓதத்தின் ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், பாசிகள் வெயிலில் காய்ந்து கிடக்கும் பாறைப்பட்டை ஒடுங்கியது. மண்டபம், பாம்பன் பகுதிப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் பெரும்பாலும் நீருக்குள்ளேயே இருக்கின்றன. மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் பாசியும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்குகிறது. 2013-க்குப் பின் அப்பாசி பெருமளவில் மடிந்து விளைச்சல் சரிந்தபோது கடல்நீர் சூடேறியது காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்பட்டது. அத்தகைய இடத்தில் மிதவையின்மேல் நின்று அகச்சிவப்புக் கருவியை நீட்டினால் கிடைப்பது கடலின் மேற்தோல் வெப்பம் மட்டுமே, பாசி தொங்கும் ஆழத்தின் வெப்பத்தை அறிய நீருக்குள் இறக்கும் பதிவுக்கருவியே வேண்டும். கரையேற்றி மணலிலும் பாயிலும் உலர்த்தும் பாசியின்மேல்தான் அங்கு இந்தக் கருவிக்கு நேரடி வேலை உண்டு. பாசி காயும் வேகமும் சூடும் அதன் தரத்தைப் பாதிப்பவை என்பதால், பாறைக் கரைகளில் கற்ற அதே விதிகள், அதாவது செங்குத்தாக நிற்பது, நிழல் விழாமல் பார்ப்பது, வட்டம் மடலுக்குள் அடங்கும் அளவுக்கு நெருங்குவது ஆகியவை, உலர்களத்திலும் அப்படியே செல்லும்.